மூன்று கதவுக் காரும் ஆறு பேரும்

 

போன கிழமை எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த தம்பி ஒருவர் இடைவேளையில் செல்போனை நீட்டினார். படத்தில் ஒரு வெள்ளை ஹொண்டா சி.ஆர்.இஸட் கார். "ரீச்சர், நீங்கள் வைத்திருந்தது இதுதானே? எனக்கு ஒரு பிள்ளை. அடுத்ததும் வரப்போகுது. எடுக்கலாமோ?" என்று கேட்டார். வாயெடுக்க முதல் மணி அடித்துவிட்டது. இதே கேள்வியைச் சாட்டிக் கடற்கரையில் ஒருவரும், குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு பேரும், ஒரு கலியாண வீட்டில் சஹனில் கூட இருந்த மாமி ஒருவரும் (அவருடைய மகனுக்காக) எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவிடுவது சுகம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. இதை "நாங்கள்" என்றுதான் எழுதப்போகிறோம். எங்களில் ஒருவர் கற்பிக்கிறார், மற்றவர் யாழ்ப்பாணம் பட்டணத்தில் சிறிய துணிக்கடை வைத்திருக்கிறார். கார் வாங்கியது இருவரின் காசில். அதனால் கிடைத்த நல்லதும் வெட்கமும் இருவருக்கும் பொது. அந்த ஆசை முதலில் யாருக்கு வந்தது என்று எல்லோரும் ஊகிப்பார்கள். அநேகமாகப் பிழையாக ஊகிப்பார்கள்.

புத்தளத்தில், ஓலைக் கொட்டில் வரிசையில் வளர்ந்தவர்கள் நாங்கள். முகாமில் யாரோ கொண்டுவந்து மாட்டிய ஒரு ஜப்பான் கலண்டர் இருந்தது. மாதத்துக்கு ஒரு கார். வருடம் முடிந்த பிறகும் அதை யாரும் கழற்றவில்லை, ஓலையில் ஓட்டை இருந்த இடத்தை அது மறைத்தது. எங்களில் கற்பிப்பவர் அதிலிருந்து ஒரு சிவப்புக் காரைக் கொப்பிக்குக் கொப்பி வரைந்து வைத்திருந்தார். முன்னுக்குச் சரிந்து, பின்னுக்கு வெட்டி விட்டது போல, இரண்டே கதவு. பிற்பாடு கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் படித்த காலம் முழுக்க பஸ் பயணம்தான். பிறகு மோட்டார்ச் சைக்கிள். தீவகத்துக்கு நியமனம் கிடைத்து ஊர்காவற்றுறையில் வாடகைக்கு வீடு எடுத்த பிறகும் மோட்டார்ச் சைக்கிள். சோளகக் காலத்தில் பண்ணைப் பாலத்தால் மோட்டார்ச் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும்: காற்று உங்களைக் கேட்காமலே பக்கத்துப் பாதைக்குக் கொண்டுபோகும். முன்னுக்கு மகன், நடுவில் மகள், இருபக்கமும் கடல். ஒரு நாள் மகளின் பாடசாலைப் பையைக் காற்று கடலுக்குள் கொண்டுபோனது. அன்றைக்குத்தான் கார் என்ற பேச்சு வீட்டில் உறுதியானது.

அது 2021. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். நாட்டுக்குள் இருக்கும் கார்கள்தான், அவற்றின் விலையோ மாதத்துக்கு மாதம் ஏறியது. நாங்கள் தேடியது வேகன் ஆர். கையில் இருந்த காசுக்கு அது எட்டவில்லை. பழைய மாருதி 800 எட்டியது, ஆனால் பார்த்த இரண்டிலும் தளம் கறள் பிடித்திருந்தது. அப்போதுதான் புத்தளத்துச் சிநேகிதர் ஒருவர், "ஒரு சி.ஆர்.இஸட் நிக்குது. ஆறு கியர் மனுவல். குடும்பக்காரர் யாரும் எடுக்கிறாங்க இல்ல, அதால விலை குறைவு" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் காது கேட்டது, மூளை கேட்கவில்லை. நாங்களும் குடும்பக்காரர்தானே என்று அப்போது தோன்றவே இல்லை.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் பிழை இல்லை. 2010 பெப்ரவரியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வண்டி. 1.5 லீற்றர் பெற்றோல் இயந்திரத்தோடு ஒரு சிறிய மின் மோட்டாரும் சேர்ந்து தள்ளும். ஹைபிரிட்டில் ஆறு கியர் மனுவல் போட்டு விற்றது அந்தக் காலத்தில் புதினம். அந்த வருடமே ஜப்பானின் "ஆண்டின் சிறந்த கார்" விருதையும் வாங்கியது. 1983இல் வந்த சி.ஆர்.எக்ஸ் என்ற இரண்டு கதவுக் காரின் பேரப்பிள்ளை மாதிரி. எங்கள் நாட்டில் ஹைபிரிட்டுக்கு வரி குறைவாக இருந்த ஆண்டுகளில் இது நிறைய வந்து இறங்கியது. வரி குறைவு என்பதற்காகவே, வேறு நாட்டில் இளவட்டங்கள் மட்டும் வாங்கியிருக்கக்கூடிய ஒரு கார் இங்கே டொக்டர்மார், வங்கி உத்தியோகத்தர்கள், எங்களைப் போன்ற ஆசிரியர்கள் கைக்கெல்லாம் வந்தது.

மூன்று கதவு என்றால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மூன்றாவது டிக்கிக் கதவு. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மகன் காரைச் சுற்றி மூன்று தரம் நடந்துவிட்டு, "என்ட கதவு எங்க?" என்று கேட்டான். சிரித்தோம். நாலு வயதுப் பிள்ளை முதல் நாளே கண்டுபிடித்ததை நாங்கள் கண்டுபிடிக்க மூன்று வருடம் எடுத்தது.

பதிவுப் புத்தகத்தில் நாலு ஆசனம். ஆனால் இதே காரை அமெரிக்காவில் பின் ஆசனமே இல்லாமல் விற்றார்கள். அந்த இடத்தில் சாமான் வைக்கப் பெட்டி. இதைப் பிறகு அறிந்தபோது, செய்தவர்களுக்கே அந்தப் பின் ஆசனத்தில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை என்று விளங்கியது. கார் உயரம் 1,395 மில்லிமீற்றர். வேகன் ஆர் நீளத்தில் இதைவிடக் கட்டை, 3,395 தான், இது 4,080. ஆனால் வேகன் ஆர் உயரம் கிட்டத்தட்ட 1,650. அந்த ஒரு சாண் உயரம்தான் குடும்பம். நீளத்தில் ஆள் இருப்பதில்லை, உயரத்தில்தான் இருக்கிறார். சி.ஆர்.இஸட்டின் பின்னுக்குப் பெரிய ஆள் ஒருவர் இருந்தால் தலை பின் கண்ணாடியில் முட்டும். முழங்கால் வாய்க்கு வரும். பின் பக்கத்துச் சின்னக் கண்ணாடியும் திறக்காது. வேலணை வெயிலில் ஏசி இல்லாமல் ஐந்து நிமிடம் நின்றால் பிள்ளைகள் இடியப்பம் மாதிரி அவிந்துபோவார்கள்.

அதற்காக நன்மையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. முதல் இரண்டு வருடமும், உண்மையைச் சொன்னால், நல்லாக ஓடின. மகளுக்கு ஏழு, மகனுக்கு நாலு. இருவருக்கும் பின் ஆசனம் அளவாகவே இருந்தது. பின்னுக்குக் கதவு இல்லாததால் ஓடும்போது பிள்ளை கதவைத் திறந்துவிடுமோ என்ற பயம் இல்லை. பின் ஆசனத்தை மடித்தால் தளம் சமனாகி, கடைக்குத் தேவையான துணிக் கட்டுகள் ஏழெட்டு ஏறும். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் ஆடு ஒன்றைக்கூட அதில் ஏற்றிக்கொண்டு வந்தோம். எங்கள் காரின் பின்பக்கத்தில் வசதியாகப் பயணம் செய்த ஒரே பெரிய உயிர் அந்த ஆடுதான். சந்தியில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகச் சொன்னார்.

2022 வந்தது. அந்த வருடத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, அதற்குப் பிறகு கியூ.ஆர். அட்டை. முதலில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4. ஊர்காவற்றுறையிலிருந்து பட்டணம் போய்வர எங்களுக்கு ஐம்பது கிலோமீற்றருக்குள். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 250. எங்கள் கார் லீற்றருக்குப் பதினாறு, பதினேழு தந்தது. பதினைந்து பதினாறு லீற்றரில் கிழமை முடிந்து, மிச்சம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இருந்தது. பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்கள் இரண்டு பேரை மாறி மாறி ஏற்றி இறக்கினோம். பெரிய ஆட்கள் பின்னுக்கு இருக்க முடியாததால் ஒரு முறைக்கு ஒருவர்தான். அப்போதே அது உறுத்தியிருக்க வேண்டும். வான் வைத்திருந்தவர் ஒரே ஓட்டத்தில் எட்டுப் பேரைக் கொண்டுபோனார்.

அந்த வருடக் கடைசியில் எங்களுக்கு மூன்றாவது மகள் பிறந்தாள். அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வருடம் வாப்பா புத்தளத்தில் மௌத்தானார். இத்தா முடிந்த பிறகு உம்மாவைத் தனியே விட மனம் வராமல் கூட்டிக்கொண்டு வந்தோம். இப்போது வீட்டில் ஆறு பேர். காரில் நாலு ஆசனம்.

உம்மா இந்தக் காரை முதல் தரம் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பஸ்ஸால் இறங்கியவரை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏற்றப் போயிருந்தோம். காரைப் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். மகன் செய்ததையேதான் அவரும் செய்தார். பிறகு, "என்ன புள்ளயள், நாலு கதவு உள்ளது கிடைக்கேல்லயோ?" என்றார்.

உம்மாவுக்குக் கார் என்றால் வாப்பாவின் ஏ போர்ட்டி. வாப்பா ஐந்து சந்திப் பக்கத்தில் ஹயர் ஓடினவர். ஒஸ்ரின் ஏ-40 டெவோன், யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் தெரிந்த அந்த முட்டை முதுகுக் கார். 1,200 சி.சி. இயந்திரம், பெயரில் இருக்கும் நாற்பது அதன் குதிரை வலு. பின்னால் சோபா மாதிரி ஒரு நீள ஆசனம். 1988இல், இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் நின்ற காலத்தில், ஊரடங்கு நேரத்தில், வயிற்றுக் குத்து வந்த உம்மாவை அந்தப் பின் ஆசனத்தில் கிடத்தித்தான் வாப்பா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பின் கதவைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். பார்த்த சிப்பாய் கதவை மெதுவாகச் சாத்தினான் என்று உம்மா சொல்வார். அந்த "மெதுவாக" என்பதை ஒவ்வொரு தரமும் சொல்வார். அன்றிரவு பிறந்தவர்தான் பின்னாளில் கொப்பி முழுக்க இரண்டு கதவுக் கார் வரைந்தவர்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஊரை விட்டுப் போகச் சொன்னபோது கிடைத்தது இரண்டு மணி நேரம். காரை விட்டுவிட்டு நடந்தார்கள். அது பிறகு யார் கையில் எப்படி ஓடியது, அல்லது ஓடியதா என்று எங்களுக்குத் தெரியாது. பெற்றோல் வராத அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் மிஞ்சிய ஏ போர்ட்டிகளும் மொறிஸ் மைனர்களும் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் புகை விட்டபடி ஓடியதை எங்கள் அயலவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அதில் ஒன்று வாப்பாவுடையதாக இருக்கலாம். உம்மா அந்தக் கதைகளை ஆர்வமாகக் கேட்பார். என்ன நிறம் என்று மட்டும் கேட்பார்.

உம்மாவின் கணக்கு ஒன்றுதான். ஒரு கார் குடும்பத்துக்கு உதவுமா என்றால், பிள்ளைத்தாச்சியைக் கிடத்தலாமா, வயதாளியை முழங்கால் மடக்காமல் ஏற்றலாமா. நாங்கள் அவரோடு வாதாடினோம். அந்தக் காலத்தில் இரண்டு கதவுக் காரே குடும்பக் காராக இருந்தது, மொறிஸ் மைனர் முதலில் வந்தபோது இரண்டு கதவுதான், பீட்டில் கடைசிவரை இரண்டு கதவுதான், அதில் ஏழு பேர் கீரிமலைக்குப் போகவில்லையா என்றோம். "அதுக்குக் கூரை இருந்தது" என்று முடித்துவிட்டார். சரிதான். மைனரின் முன் ஆசனத்தை மடக்கிவிட்டால் ஆள் குனிந்து பின்னுக்குப் போகலாம், போனபின் நிமிர்ந்து இருக்கலாம். எங்கள் காரில் நிமிரவே முடியாது.

பிறகு தேடிப் பார்த்ததில் ஒரு வேடிக்கை கிடைத்தது. வாப்பாவின் டெவோனுக்கு ஒரு இரட்டைச் சகோதரம் இருந்திருக்கிறது. டோர்செட் என்று பெயர். அதே இயந்திரம், அதே உடம்பு, இரண்டு கதவு மட்டும். 1947இல் இரண்டும் சேர்ந்தே வந்தன. டோர்செட்டை இரண்டே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள், செய்தது மொத்தம் பதினாறாயிரத்துக்குள். டெவோன் இரண்டரை லட்சத்துக்கும் மேலே போனது. எழுபத்தைந்து வருடத்துக்கு முந்திய வாடிக்கையாளர்களே உம்மாவின் கட்சிதான்.

ஆறு பேரான பிறகு எங்கள் வாழ்க்கை ஒரு ஆறு, ஆடு, புல்லுக்கட்டுப் புதிராக மாறியது. யாரை முதலில் கொண்டுபோவது, யாரை விட்டுவிட்டு வருவது. ஹஜ்ஜுப் பெருநாள் அன்று நயினாதீவில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்கப் போவதென்றால் ஒருவர் உம்மாவை முன்னுக்கு வைத்து, இரண்டு பிள்ளைகளைப் பின்னுக்கு வைத்து, வட்டிலப்பச் சட்டியை டிக்கியில் துவாயால் சுற்றி வைத்துக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போவார். மற்றவர் கைக்குழந்தையோடு பஸ்ஸில். வங்களாவடிச் சந்தியில் பஸ்ஸை எங்கள் கார் முந்திப் போகும்போது பஸ்ஸில் இருக்கும் எங்களில் ஒருவர் காரில் இருக்கும் எங்களில் ஒருவருக்குக் கை காட்டுவார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். மூன்றாவது பெருநாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

உம்மா முன் ஆசனத்தில் இருந்து எழும்புவதே பெரிய வேலை. ஆசனம் நிலத்தோடு. முழங்கால் தேய்ந்தவருக்கு அதில் இறங்குவது கிணற்றில் இறங்குவது போல, எழும்புவது கிணற்றிலிருந்து ஏறுவது போல. ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, மற்றவர் முதுகில் தள்ள வேண்டும். ஆஸ்பத்திரி கிளினிக் வாசலில், சனங்கள் பார்த்திருக்க, உம்மா வெட்கப்பட்டார். அதன் பிறகு, "எனக்கு இப்ப சுகம், கிளினிக் வேணாம்" என்று சொல்லத் தொடங்கினார். உண்மையில் சுகமாகத்தான் இருக்கிறார் என்று நாங்கள் இரண்டு மாதம் நம்பினோம். இதை எழுதக் கை கூசுகிறது. நம்ப வசதியாக இருந்ததால் நம்பினோம்.

கடைசியில் வந்தது 2024 மார்கழி. வாடை மழை நாலு நாளாகப் பெய்து ஒழுங்கையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். இரவு இரண்டு மணியிருக்கும், பக்கத்து வீட்டு அக்கா கேற்றில் தட்டினார். அவருடைய மகள் நிறைமாதம். திகதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது, ஆனால் குத்துத் தொடங்கிவிட்டது. வழமையாக வரும் ஓட்டோத் தம்பி போனை எடுக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் கார் என்று இருந்தது எங்களுடையது மட்டும். "ரீச்சர், காரை ஒருக்கா எடுங்கோ."

எடுத்தோம். விளக்கைப் போட்டு, முன் ஆசனத்தைச் சாய்த்து, அவர்கள் கேற்றடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். அந்தப் பிள்ளை தாயின் தோளில் தொங்கியபடி வந்தது. கதவைத் திறந்தோம். இரண்டு கதவுக் காரின் கதவு நீளம், ஒழுங்கையோ ஒடுக்கம், மதிலில் முட்டி அரைவாசிதான் திறந்தது. அந்தப் பிள்ளை குனிந்து பார்த்தது. குனிய முடியவில்லை. ஆசனம் எங்கோ கீழே கிடந்தது. பக்கவாட்டாகத் திரும்பி ஒரு காலை வைக்கப் பார்த்தது, அடுத்த குத்து வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நாங்கள் பின்னுக்குக் கிடத்தலாமா என்று யோசித்து, யோசித்த வேகத்திலேயே வெட்கப்பட்டோம். தண்ணீர் வேறு ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் காரின் ஹைபிரிட் பற்றரி டிக்கித் தட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ஒழுங்கை முடிவுப் பள்ளத்தைத் தாண்டுமா என்று எங்களுக்கே தெரியவில்லை. அக்கா எங்களைப் பார்த்து, "பரவாயில்லை ரீச்சர், இதுக்குள்ள ஏலாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாங்கள்தான் ஏதோ உதவி கேட்டது போலவும் அவர் ஆறுதல் சொல்வது போலவும் இருந்தது.

1990க்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. பெருவீதியில் நிறுத்தி, தூக்குப் படுக்கையோடு இரண்டு பேர் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்து அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விடிய ஆண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

அவர்கள் போன பிறகும் எங்கள் காரின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. உம்மா சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "என்ன நம்பருக்கு அடிச்ச நீங்கள்?" என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "வேற நம்பர் கிடைக்கேல்லயோ இவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதமே விற்பனைக்குப் போட்டோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது, பொறுத்தால் விலை விழும் என்று தரகர் சொன்னார். விலைக்காக இல்லை, அந்த ஒழுங்கையில் அது நிற்பதைப் பார்க்க முடியவில்லை. வடமராட்சிப் பக்கத்திலிருந்து கலியாணம் பேசி முடித்திருந்த ஒரு தம்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். கொடுப்பதற்கு முதல் நாள் பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் ஒரு தரம் ஓட்டிக்கொண்டு போனோம். வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணை. அந்தி நேரம், கடலில் தண்ணீர் அடங்கிக் கிடந்தது, களங்கட்டிகள் கறுப்பாகத் தெரிந்தன. ஆறாவது கியரில் போட்டுவிட்டு ஒருவரும் பேசவில்லை. இரண்டு பேருக்கு அது எவ்வளவு நல்ல கார் என்பதை மறைக்க மாட்டோம். முகாமில் கொப்பியில் வரைந்த பிள்ளைக்கு அல்லாஹ் மூன்று வருடம் அதைக் கையில் தந்தான். அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை.

இப்போது வாசலில் நிற்பது பழைய சுசுகி எவ்ரி வான். 660 சி.சி. மூச்சு வாங்கும். முன்னுக்கு இரண்டு கதவு, பக்கத்துக்கு ஒன்றாக இழுக்கும் கதவு இரண்டு, பின்னுக்கு ஒன்று. உம்மா எண்ணிப் பார்த்தார். இழுக்கும் கதவடியில் ஒரு சின்ன மரப்படி வைத்திருக்கிறோம், அதில் காலை வைத்து யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறார். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். பண்ணைப் பாலத்தில் எல்லோரும் எங்களை முந்திப் போகிறார்கள், மகனுக்கு அதில் மட்டும் கொஞ்சம் கவலை.

ஆக, கேட்ட தம்பிக்கு. ஒரு பிள்ளையோடு என்றால் ஓடலாம், எங்களுக்கு இரண்டோடும் ஓடியது. ஆனால் வாங்க முதல் உங்கள் உம்மாவையோ, அம்மாவையோ, மாமியாரையோ கூட்டிக்கொண்டு போய் முன் ஆசனத்தில் இருத்தி, எழும்பச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் ஒரு தரம் பின்னுக்கு ஏறி இருந்து பத்து நிமிடம் ஓடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது எத்தனை மாதம் என்பதையும் கணக்கில் எடுங்கள். எங்களுடைய ஒழுங்கையை விட உங்களுடையது அகலமா என்றும் ஒருக்கால் அளந்து பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் காட்டிய படத்தை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தோம். அது எங்கள் காரேதான். எடுத்துக்கொண்டு போன தம்பிக்கும் இப்போது கலியாணம் முடிந்திருக்க வேண்டும். இடது பின் சில்லுக்கு மேலே ஒரு நீளக் கீறல் தெரிகிறதல்லவா, அது எங்கள் மகன் சைக்கிளால் போட்டது. படத்தில் அதை நிழல் பக்கமாக வைத்து எடுத்திருக்கிறார்கள். எடுப்பதென்றால் அதைச் சொல்லி விலையில் குறையுங்கள்.